அமத்தப்படும் துளியும் அதிரும் சுவரும்: வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒரு பதில்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எங்கட வீடு ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோச்சி போகும் ஒவ்வொரு முறையும் யன்னல் கண்ணாடி நடுங்கும். இரண்டு மின்வாய்த் தகடுகளுக்கு நடுவே தண்ணீர்த் துளியை வைத்து, அதிர்விலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படி ஒன்றைச் சுவரில் பொருத்தி எல்.ஈ.டி. எரிய வைக்கலாமா? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாள்களில் தொடங்கிய யோசனை இது. உயர்தரப் பௌதிகவியல் மட்டும் படித்திருக்கிறேன், அந்த அளவில் விளக்கினால் போதும்."

தம்பி, முதலில் நேரடியாகப் பதில். துளியை வைத்துக் கரண்ட் எடுக்கலாம், ஓம். சுவரில் பொருத்தி எல்.ஈ.டி.யை எரிய வைக்க முடியாது. துளியில் பிழை ஒன்றும் இல்லை. அந்தத் துளியை எது அமத்துகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நான் கட்டடங்களிலும் இயந்திரங்களிலும் அதிர்வு அளக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இந்தத் துளியை வீட்டு மேசையில் வைத்துச் செய்தும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பாடப்புத்தகத்துக் கொள்ளளவியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தகடு, நடுவில் மின்னுழையம். பரப்பு கூடினால் கொள்ளளவம் கூடும், இடைவெளி கூடினால் குறையும். இப்போது கீழ்த் தகட்டின் மேல் 1 மைக்ரோமீற்றர் தடிப்பில் டெஃப்லோன் படலம் ஒன்று பூசியிருக்கிறது என்று வையுங்கள். அதன்மேல் ஒரு உப்புத் தண்ணீர்த் துளி. மேல் தகடு வெறும் உலோகம், துளியின் தலையைத் தொட்டுக்கொண்டு 2 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. உப்புத் தண்ணீர் மின்னைக் கடத்தும். ஆகவே துளியும் மேல் தகடும் சேர்ந்து ஒரே மின்வாய்தான். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி 2 மில்லிமீற்றர். ஆனால் கொள்ளளவியின் உண்மையான இடைவெளி அந்தப் படலத்தின் 1 மைக்ரோமீற்றர் தடிப்பு மட்டும்தான். அதே பரப்பில் துளி இல்லாமல் வெறும் காற்று இருந்திருந்தால் வரும் கொள்ளளவத்தைவிட இது ஏறத்தாழ 4,000 மடங்கு பெரியது. இவ்வளவு மெல்லிய இடைவெளியை இரண்டு திண்மத் தகடுகளை நெருக்கி உண்டாக்குவது மிகவும் கடினம். ஒரு தூசி விழுந்தாலே கெட்டுவிடும். துளி திரவம் என்பதால் தூசி இருந்தால் சுற்றிக்கொண்டு போய் மேற்பரப்போடு ஒட்டிப் படிகிறது.

சரி, பரப்பு எது? துளி படலத்தின்மேல் பதிக்கும் தடம். ரொட்டி தட்டும்போது மா உருண்டையை உள்ளங்கையால் அமத்தினால் என்ன நடக்கும்? உயரம் குறையும், தடம் அகலும், மாவின் அளவு மாறாது. துளியும் அப்படியே. 40 மைக்ரோலீற்றர் துளி என்பது 40 கன மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றர் இடைவெளிக்குள் அது ஏறத்தாழ 20 சதுர மில்லிமீற்றர் தடம் பதிக்கும். மேல் தகட்டை 1 மில்லிமீற்றருக்கு இறக்கினால் 40 சதுர மில்லிமீற்றர். டெஃப்லோனின் சார்பனுமதித்திறன் 2 அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு அமத்தலில் கொள்ளளவம் 350 பிக்கோபரட் கூடும்.

இந்தக் கொள்ளளவியின் குறுக்கே 50 வோல்ற் இருந்தால், அமத்தும்போது ஏற்றம் உள்ளே ஓடிவரும். விட்டதும் துளி தன்னைத்தானே திரட்டிக்கொள்ளும், தடம் சுருங்கும், உள்ளே வந்த ஏற்றம் வெளியே தள்ளப்படும். துளி திரள்வதற்கான வலுவைத் தருவது பரப்பிழுவிசை. அந்த வலுவை அமத்தும்போது நீங்கள்தான் கொடுத்து வைத்தீர்கள். கொள்ளளவ மாற்றத்தில் பாதி, தர மின்னழுத்தத்தின் வர்க்கம்: ஒரு அமத்தலுக்கு 0.44 மைக்ரோயூல். ஒரு செக்கனுக்கு 10 தரம் அமத்தினால் 4 மைக்ரோவாற்றுக்குக் கொஞ்சம் மேலே. சாதாரண எல்.ஈ.டி. ஒன்று முழுப் பிரகாசத்தில் எடுப்பது 60 மில்லிவாற் அளவு. அதாவது ஏறத்தாழ 14,000 துளி வேண்டும், எல்லாமே ஒரே சீராக அமத்தப்பட வேண்டும். அப்படி ஒரு தகடு செய்ய முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு எந்த அளவில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இந்த 50 வோல்ற் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும், காணொளிகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கொள்ளளவம் மாறினால் மட்டும் கரண்ட் வராது. முதலில் கொஞ்சம் ஏற்றம் இருக்க வேண்டும், பிறகுதான் அதிர்வு அதைத் தள்ளி வேலை வாங்க முடியும். கிணற்றுப் பம்பிக்கு முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு அடிப்பது போல. அந்த முதல் தண்ணீரை மூன்று வழியில் கொடுக்கிறார்கள்.

முதல் வழி வெளியிலிருந்து ஒரு பற்றரி. விஸ்கொன்சின் மடிசன் பல்கலைக்கழகத்தில் டொம் குருபென்கினும் ஆஷ்லி டெய்லரும் 2011 இல் 'நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட வேலை இதுதான். மெல்லிய குழாய் வழியில் திரவ உலோகத் துளிகளை மாலை மாதிரி வரிசையாக ஓட விட்டார்கள். சுவரில் தந்தாலம் ஒட்சைட்டுப் படலம், அதன்மேல் புளோரின் பல்பகுதியம். ஒரு சதுர மீற்றருக்கு 1,000 வாற் வரை எடுக்கலாம் என்று எழுதினார்கள். அவர்கள் கண் வைத்தது சப்பாத்தின் அடியில். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசை வருகிறது. அதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்த வேலையின் வேர் இன்னும் பழையது. இரசத்துக்கும் அதைத் தொடும் அமிலக் கரைசலுக்கும் இடையில் மின்னழுத்தத்தை மாற்றினால் இரசத்தின் பரப்பிழுவிசை மாறும் என்று கப்ரியேல் லிப்மன் 1875 இல் காட்டினார். வர்ணப் புகைப்படத்துக்காக 1908 இல் நோபல் பரிசு பெற்ற அதே லிப்மன்தான். 1990களின் தொடக்கத்தில் புரூனோ பெர்ஜ், திரவத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு காவலிப் படலத்தை வைத்தார். அதனால் தண்ணீர் மின்பகுப்பில் பிரியாமல் கூடிய மின்னழுத்தம் கொடுக்க முடிந்தது. கரண்ட் கொடுத்தால் துளி பரவும். சேம்பிலைத் தண்ணீர் மாதிரித் திரண்டு நின்ற துளி, சாதாரண இலையில் விழுந்த தண்ணீர் மாதிரிப் படியும். மேலே சொன்ன படலத்தில் 115 பாகை தொடுகைக் கோணத்தோடு (துளியின் ஓரம் மேற்பரப்போடு அமைக்கும் கோணம்) நிற்கும் துளி, 50 வோல்ற் கொடுத்தால் 96 பாகை அளவுக்கு இறங்கும். இந்தத் தத்துவத்தில் கமராக்களுக்குத் திரவ வில்லைகூடச் செய்தார்கள். குருபென்கின் செய்தது இதைத் திருப்பிப் போட்டது: கரண்ட் கொடுத்துத் துளியை அசைப்பதற்குப் பதிலாக, துளியை அசைத்துக் கரண்ட் எடுப்பது.

இரண்டாவது வழி எலெக்ட்ரெட். காந்தம் காந்தத்தன்மையைப் பிடித்து வைத்திருப்பது போல, மின்னேற்றத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும் படலம் அது. டெஃப்லோன் வகைப் பொருள்களில் இதைச் செய்யலாம். பற்றரி தேவையில்லை. உலர்ந்த இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தென்கொரியாவில் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு 2013 இல் வெளியிட்டது. இரண்டு கண்ணாடித் தகடு, இரண்டிலும் மின்னைக் கடத்தும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுப் பூச்சு, ஒன்றில் மட்டும் மேலதிகமாக டெஃப்லோன். நடுவே துளி. வெளியிலிருந்து மின்னழுத்தமே இல்லை. தண்ணீர் எந்தத் திண்மத்தைத் தொட்டாலும் அந்தத் தொடுகையில் தானாகவே ஏற்றங்கள் பிரிந்து, எதிரெதிராக இரண்டு அடுக்காக நிற்கும். அடுக்குகளுக்கு நடுவே இருப்பது நனோமீற்றர் அளவு இடைவெளி. உலோகத்தின்மேல் இந்த அடுக்கின் கொள்ளளவம் சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து மைக்ரோபரட் அளவுக்கு வரும், மேலே நாம் கணக்கிட்ட படலத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு பெரியது. துளியின் இரண்டு பக்கமும் வேறு வேறு மேற்பரப்பு என்பதால், அமத்தும்போது இரண்டு பக்கத்திலும் ஏற்றம் ஒரே அளவில் மாறாது. அந்த வித்தியாசம் வெளிக் கம்பி வழியே ஓடும். மறுபக்கம், மின்னழுத்தம் சிறிது. இங்கே வெளியிலிருந்து மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, ஏனென்றால் 1.23 வோல்ற்றைத் தாண்டினால் தண்ணீர் பிரியத் தொடங்கும். அதனால் கிடைப்பது சிறிய அளவு மின்தான். ஆனாலும் வெறும் தண்ணீர்த் துளி ஒன்று, பற்றரி இல்லாமல், தன் இயல்பிலேயே இருக்கும் ஏற்றத்தால் மின் தருவது அழகான விஷயம். நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது உங்கள் சுவருக்கு வருவோம். துளியை அமத்த வேண்டும் என்றால் ஒரு தகடு நிற்க வேண்டும், மற்றது அசைய வேண்டும். சப்பாத்தில் அது இயல்பாக நடக்கிறது. கீழே தரை, மேலே மனிதர். 60 கிலோ உடல் 5 மில்லிமீற்றர் இறங்கினால் ஒரு அடிக்கு 3 யூல். ஒரு காலுக்குச் செக்கனுக்கு ஒரு அடி என்றால் 3 வாற். குருபென்கினின் சப்பாத்து வாற் கணக்கில் பேசுவதற்குக் காரணம் இதுதான். துளி அங்கே ஒரு நல்ல மாற்றி மட்டும். சக்தி வருவது உடல் நிறையிலிருந்து, அதாவது நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து.

சுவரில் அப்படி இல்லை. சுவர் அதிரும்போது அதில் பொருத்திய இரண்டு தகடுமே சேர்ந்து அதிரும். எதிர்ப்பக்கம் நிற்கும் தரை இல்லை. ஆகவே துளி தன் சொந்த நிறையால்தான் பின்தங்கி ஆட வேண்டும். பஸ் திடீரென்று புறப்படும்போது நின்றுகொண்டிருக்கும் நாம் பின்னால் சாய்கிறோமே, அந்த விதி. உங்கள் துளியின் நிறை 40 மில்லிகிராம். அவ்வளவுதான் உங்களிடம் இருக்கும் முதல்.

கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். ரயில் போகும்போது கையால் உணரக்கூடிய சுவர் அதிர்வுக்கு, செக்கனுக்கு 0.5 மில்லிமீற்றர் வேகம் என்று எடுத்துக்கொள்வோம். மீடிறன் 40 ஹேர்ட்ஸ் என்று வைப்போம். இந்த 40 ஐ நான் சும்மா எடுக்கவில்லை. துளிக்கும் சொந்த மீடிறன் உண்டு, ரேலி பிரபு 1879 இல் அதற்குச் சூத்திரம் தந்தார். தனித்து மிதக்கும் 40 மைக்ரோலீற்றர் தண்ணீர் உருண்டைக்கு அது 40 ஹேர்ட்ஸ் அளவில் வருகிறது. தகடுகளுக்கு நடுவே சிக்கிய துளிக்கு இது மாறும். ஆனாலும் துளிக்கு மிகச் சாதகமான நிலையை, அதாவது அதிர்வின் மீடிறனும் துளியின் சொந்த மீடிறனும் ஒன்றாகும் பரிவை, கொடுத்துப் பார்ப்போம். அந்த வேகத்தில், அந்த மீடிறனில் ஆர்முடுகல் 0.126 மீற்றர்/செக்கன்². தர 40 மில்லிகிராம்: 5 மைக்ரோநியூற்றன் விசை. துளி இரண்டு பக்கமும் 1 மில்லிமீற்றர் ஆடுகிறது என்று தாராளமாக விட்டாலும், ஒரு முழு அலைவில் அதிகபட்சம் 16 நனோயூல்தான் எடுக்க முடியும். செக்கனுக்கு 40 அலைவு: 0.63 மைக்ரோவாற். இது எந்தப் படலம், எந்தச் சுற்று, எந்த மின்னழுத்தம் என்பதைப் பொறுத்ததல்ல. நிறை, அசைவு, மீடிறன் மூன்றும் போட்ட மேல் எல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான படலம் பூசினாலும் இதைத் தாண்ட முடியாது.

100 துளி வைத்தால் 63 மைக்ரோவாற். ரயில் கடக்க 15 செக்கன் என்றால் மொத்தம் ஒரு மில்லியூலுக்குக் கொஞ்சம் குறைவு. அதை அப்படியே எல்.ஈ.டி.க்குக் கொடுத்தால் 0.016 செக்கன் எரியும். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. நடைமுறையில் இதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல வேலை என்று சொல்வேன்.

மனம் தளர வேண்டாம், இதே எண்ணை வேறு பக்கமிருந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு என்றால் 100 மைக்ரோயூல் அளவு. குறைந்த சக்தியில் இயங்கும் சிறிய வானொலிச் சிப் ஒன்று ஒரு குறுஞ்செய்தியை அனுப்பவும் அந்த அளவுதான் எடுக்கிறது. அதாவது ரயில் கடந்து போனது என்பதை, அந்த ரயிலின் அதிர்வே கொடுத்த மின்னால், பற்றரி இல்லாமல் ஒரு கருவி அறிவிக்க முடியும். நான் இந்தத் துறையை மதிப்பது இதற்காகத்தான். பாலத்தின் அடியில், கூரைக்கு மேலே, ஆள் போய்ப் பற்றரி மாற்றக் கஷ்டமான ஒரு மூலையில் இருக்கும் அளவுமானிக்கு இது போதும். வீட்டு வெளிச்சத்துக்கு இது வழியில்லை. 13 மணித்தியால மின்வெட்டுக்கு மறுமொழி கூரையில் சூரியத் தகடும் ஒரு பற்றரியும்தான்.

இன்னொரு கேள்வி இதனோடு சேர்ந்தே வரும்: திரவத்துக்குப் பதிலாக வில்லில் ஒரு இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால் நிறை கூடுமே? கூடும். அதிர்வு வேகமாக இருந்தால் அதுதான் சரி. தெருமுனை மின்மாற்றி உறுமுவது 100 ஹேர்ட்ஸில், ஏனென்றால் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் ஒவ்வொரு சுற்றிலும் அதன் இரும்பு இரண்டு தரம் நீண்டு சுருங்கும். அந்த மீடிறனுக்கு இசைந்த வில்லில் நிறையைத் தொங்கவிட்டால், அது தன் பாரத்தால் 0.025 மில்லிமீற்றர்தான் இறங்கும். சின்னதாக, இறுக்கமாகச் செய்யலாம். அப்படியான இடங்களில் துளியை விட்டுவிட்டு அழுத்தமின் படிகத்தையே (அமத்தினால் மின் தரும் படிகம்) போடுங்கள். தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் ஓடும் தண்ணீர்ப் பம்புகளுக்கும் இதே ஆலோசனைதான்.

மீடிறன் குறையக் குறைய வில்லுக்குச் சிக்கல் வரும். 10 ஹேர்ட்ஸுக்கு வில் 2.5 மில்லிமீற்றர் இறங்கி நிற்கும். 1 ஹேர்ட்ஸுக்கு 25 சென்ரிமீற்றர்! ஒரு முழத்தில் பாதிக்கு மேல் நீண்டு தொங்கும் வில்லை எந்தப் பெட்டிக்குள் வைப்பது? மனித நடை, முச்சக்கரவண்டிச் சீற் மேலும் கீழும் போவது, பாலத்தின் விரிவு மூட்டு, கதவு, எல்லாமே இந்த மெதுவான பக்கத்தில் இருக்கின்றன. இங்கே துளிக்கு இணை இல்லை. வில் வேண்டாம், பரிவு வேண்டாம், ஒரு நாளைக்கு நாலு தரம் அமத்தினாலும் நாலு தரமும் மின் தரும். அதைவிட முக்கியம், இந்த இடங்களிலெல்லாம் ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் அசைகிறது. நிறை கட்டிய எல்லை இங்கே இல்லை. ரயில் பாதையிலும் அப்படித்தான், சில்லு மேலே வரும்போது தண்டவாளம் சில மில்லிமீற்றர் இறங்கி எழும்பும். ஆனால் தம்பி, பாதையில் எதையும் வைக்க நினைக்கவே வேண்டாம். உயிரோடும் சட்டத்தோடும் விளையாடுகிற வேலை அது. வீட்டுப் படியில், மிதிபலகைக்கு அடியில் செய்து பாருங்கள்.

மழையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், ஆகவே ஒரு வார்த்தை. ஹொங்கொங் நகரப் பல்கலைக்கழகத்தில் வாங் சுவான்காய் குழு 2020 இல் காட்டியது: 15 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் 100 மைக்ரோலீற்றர் துளி ஒன்று 140 வோல்ற்றுக்கு மேல் தந்து, 100 சின்ன எல்.ஈ.டி.களை மின்ன வைத்தது. உண்மைதான், ஆனால் அது ஒரு கண மின்னல். கொழும்பில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. எல்லாத் துளியும் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் விழுந்தாலும், ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு முழு வருடத்து மழையின் இயக்கசக்தி 77 கிலோயூல். ஏறத்தாழ 21 வாற்மணி. 9 வாற் மின்குமிழ் ஒன்று இரண்டேகால் மணித்தியாலம் எரியும், வருடத்துக்கு ஒரு தரம்.

இனிச் செய்து பார்க்கும்போது வரும் தொல்லைகள். முதல் தொல்லை ஒட்டல். துளி பரவும்போது எளிதாகப் பரவும், திரும்பிச் சுருங்கும்போது ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் அமத்தலில் வந்த துடிப்பு மூன்றாவது அமத்தலில் பாதியாகிவிடும். தொடுகைக் கோணம் பெரிதாக இருப்பது மட்டும் போதாது, துளி பரவும்போது இருக்கும் முன்னேறும் கோணமும் சுருங்கும்போது இருக்கும் பின்வாங்கும் கோணமும் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டாவது, உலர்தல். கொழும்பின் ஈரக் காற்றிலும் திறந்திருக்கும் சின்னத் துளி நிற்காது, மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் சுருங்கியிருக்கும், உப்பு ஓரத்தில் படிந்திருக்கும். கொஞ்சம் கிளிசரின் கலந்தால் தாமதமாகும். மூன்றாவது, படலத்தில் ஊசித்துளை. ஒரு துளை இருந்தால் போதும், தண்ணீர் உலோகத்தைத் தொட்டு, கொள்ளளவி ஒரு மின்கலமாகி, செம்பு பச்சையாகும். நாலாவது நம் ஊருக்கே உரியது. எலெக்ட்ரெட் படலங்களுக்கு ஈரம் எதிரி. மெரின் டிரைவ் பக்கத்து உப்புக் காற்றில் எந்த மேற்பரப்பிலும் மெல்லிய உப்பு ஈரம் படியும், அதன் வழியே ஏற்றம் கசியும். ஆய்வுகூடத்தில் நின்ற படலம் கடற்கரை வீட்டில் நிற்க வேண்டும் என்றால் நன்றாக அடைத்து மூட வேண்டும்.

திரவ உலோகம் பாவிக்கலாமா என்று யோசிப்பீர்கள். இரசத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அதன் ஆவி நஞ்சு. காலியம், இந்தியம், வெள்ளீயம் கலந்த கலின்ஸ்டன் நஞ்சில் குறைவு, சாதாரண வெப்பநிலையில் திரவம். ஆனால் காற்றுப் பட்டதும் ஒட்சைட்டுத் தோல் போர்த்து எங்கும் ஒட்டும். அலுமினியத்தையும் அரித்துவிடும். உங்களுக்கு உப்புத் தண்ணீரே போதும்.

மேசைப் பரிசோதனை இப்படி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் செம்பு பூசிய சுற்றுப்பலகை வாங்கி, 5 சென்ரிமீற்றர் சதுரமாக இரண்டு வெட்டுங்கள். கீழ்ப் பலகையின் செம்பின்மேல் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் சாப்பாடு மூடும் கிளிங் ஃபில்மைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுங்கள். அந்த எண்ணெய் எதற்கு என்றால், ஃபில்முக்கு அடியில் காற்றுக் குமிழ் இருந்தால் கொள்ளளவம் படுத்துவிடும். மேலேயும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தரம் துடைத்துவிடுங்கள், துளி ஒட்டாமல் வழுக்கும். மேல் பலகையின் செம்பு வெறுமையாக இருக்கட்டும். ஓரங்களில் பஞ்சுத் துண்டு வைத்து 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, நடுவில் ஊசிக்குழாயால் 40 மைக்ரோலீற்றர் உப்புத் தண்ணீர். ஐந்து 9 வோல்ற் பற்றரியைத் தொடராக இணைத்தால் 45 வோல்ற். அதன் நேர்முனை கீழ்ப் பலகைக்கு. ஒசிலோஸ்கோப்பின் பத்துக்கு ஒன்று (10:1) அளவு முனையை மேல் பலகைக்கும், அதன் தரைக் கவ்வியைப் பற்றரியின் மறைமுனைக்கும் கொடுங்கள். அந்த முனையின் 10 மெகாஓம் தடைதான் உங்கள் சுமை. ஃபில்ம் 10 மைக்ரோமீற்றர் என்றால் ஒரு அமத்தலில் ஏற்றம் 1.75 நனோகூலோம் நகரும். பத்தில் ஒரு செக்கனில் அமத்தினால் திரையில் 0.17 வோல்ற் மேடு ஒன்று வரும். மல்ட்டிமீற்றரில் இதைப் பார்க்க முடியாது.

நான் முதல் தரம் செய்தபோது திரையில் மிக அழகான அலை வந்தது. இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். பிறகு துளியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அலை அப்படியே நின்றது. 50 ஹேர்ட்ஸ். சுவருக்குள் போகும் வயரிலிருந்து என் தகடு பிடித்துக்கொண்ட இரைச்சல் அது. இவ்வளவு பெரிய தடையில், இவ்வளவு சின்ன ஏற்றத்தில், வீட்டுக் கரண்ட் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே முழு அமைப்பையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைப் பற்றரியின் மறைமுனையோடு இணையுங்கள். மூடியில் ஒரு துளை போட்டு, கையால் அமத்தாமல் பிளாஸ்ரிக் கரண்டிக் காம்பால் அமத்துங்கள். கை கிட்டப் போனாலே இரைச்சல் ஏறும்.

மேடு வந்த பிறகு மூன்று தரம் சோதியுங்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு வயரை இணைத்து அமத்துங்கள்: மேடு ஏறக்குறைய மறைய வேண்டும். பற்றரியைத் திருப்பிப் போடுங்கள்: மேடு பள்ளமாக வேண்டும். துளி இல்லாமல் அதே பற்றரியோடு அமத்துங்கள்: காற்று இடைவெளி மாறுவதால் ஒரு சின்ன அசைவு வரும், துளியோடு வந்ததைவிடத் தெளிவாகச் சிறிதாக, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக வந்தால் அந்த மேடு உங்கள் துளி தந்ததுதான். பிறகு அதே டின்னை யன்னல் கட்டில் வைத்து, அமத்தாமல், அடுத்த ரயில் வரும்வரை காத்திருந்து பாருங்கள். நான் போட்ட 0.63 மைக்ரோவாற் மேல் எல்லையோடு நீங்கள் அளந்த எண் எங்கே நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள். துளியின் அளவையும் கடந்து போன நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம்.